மூன்றாம் நாள் காலை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. இடுப்பு வலி குறைந்து காலையில் நடக்கப் போகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் வண்டிக்குப் புது ஏர்ஃப்ளோ சென்சார் (என்ஜினுக்குள் போகும் காற்றை அளப்பது) வாங்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாயே, இதைப் படித்து முடிக்கும்வரை அதை வாங்காமல் இரு. என் வண்டியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் மூன்றாம் நாள் காலை கிளம்புவதில்லை என்று சொல்லியிருந்தேன் அல்லவா? பட்டறையில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். பதினைந்தே நாளில் மறுபடி அதே தொல்லை. அடுத்து, ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் என்றார்கள். அதற்குள் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரை வைத்தேன். 14.2 வோல்ட். சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது, ஏறியதை ராத்திரியில் ஏதோ ஒன்று குடிக்கிறது.

எது குடிக்கிறது என்று பிடிக்கத்தான் பொறுமை வேண்டியிருந்தது. பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைச் சுற்றி, கேபிளைக் கழற்றாமலே கரண்டை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். பானெட் பூட்டையும் கதவுப் பூட்டுகளையும் ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, எல்லாம் மூடியிருப்பதாக வண்டியை நம்பவைத்தேன். சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாயிற்று. இந்த மாதிரி வண்டிகளில் பெட்டிக்குப் பெட்டி ஒரு கம்ப்யூட்டர், ஒவ்வொன்றாகத் தூங்க அரை மணி நேரம்கூட ஆகும். எல்லாம் தூங்கியபின் 0.05 ஆம்பியருக்குக் கீழே இறங்கவேண்டும். என் வண்டி 0.9-இல் நின்றுகொண்டது. கணக்குப் போட்டுப் பார்: 80 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி தீர 44 மணி நேரம். மூன்றாம் நாள் காலைக்குச் சரியாக வந்து நிற்கிறது!

முதல் முறை, ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். அது தப்பு. ஒன்றைப் பிடுங்கி மாட்டினாலே தூங்கிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொள்கின்றன, அளவு தலைகீழாகிவிடுகிறது. பிடுங்காமலே பார்க்க வழி இருக்கிறது. ஃப்யூஸின் முதுகில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் திறந்திருக்கும். கரண்ட் ஓடினால் அவற்றுக்கு நடுவே சில மில்லிவோல்ட் காட்டும், ஓடாவிட்டால் பூஜ்யம். மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். அவள் டார்ச் பிடித்து எழுதிக்கொள்ள, நான் மூன்று ஃப்யூஸ் பெட்டிகளையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனேன். டிக்கியில் இருந்த பெட்டியில் ஒரே ஒரு 15 ஆம்பியர் ஃப்யூஸ் 4 மில்லிவோல்ட் காட்டியது. அட்டவணையைப் பார்த்தால், ஏர் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றால் வண்டியைத் தாங்கும் அமைப்பு.

அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. இடது பின்பக்கம் காலையில் இரண்டு விரற்கடை தாழ்ந்திருப்பதை மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தரை சரிவு என்று நினைத்து விட்டுவிட்டேன். பின்பக்கம் தாழத் தாழ உயர சென்சார் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது, சஸ்பென்ஷன் கம்ப்யூட்டர் கண் மூடுவதே இல்லை. காற்றை அடைத்துவைக்கும் ரப்பர் பையான ஏர் பெல்லோவின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். ரப்பர் மடங்கி உருளும் இடத்தில், மடிப்புக்குள்ளே, மெல்ல நுரை பொங்கிற்று. காய்ந்து வெடித்த ரப்பர்தான் நோய். பாவம், அந்தப் பழைய பேட்டரி எந்தத் தப்பும் செய்யவில்லை.

பெல்லோவை நானே மாற்றினேன். நீயும் ஒருநாள் செய்வாய் என்பதால் சொல்கிறேன்: காற்றை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதே, ஜாக்கியை மட்டும் நம்பியும் விடாதே. வண்டியைத் தாங்கி நிற்கும் ஆக்ஸில் ஸ்டாண்டு போட்டபிறகுதான் சக்கரத்தையே கழற்றவேண்டும். புது பெல்லோவில் கொஞ்சம் காற்று ஏற்றிய பிறகே வண்டியின் எடையை அதன்மேல் இறக்கு. காலியாக இருக்கும்போது இறக்கினால் ரப்பர் தாறுமாறாக மடிந்து முதல் நாளே கிழியும். சஸ்பென்ஷன் கைகளின் புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர்) போல்ட்டுகளைத் தொங்கும் நிலையில் இறுக்காமல், வண்டி தன் வழக்கமான உயரத்தில் நிற்கும்போது இறுக்கு. இல்லையென்றால் புஷ் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் அறுந்துபோகும். காற்றடிக்கும் கம்ப்ரஸரை ஓடவிட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலேயையும் சேர்த்தே மாற்றிவிட்டேன். கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் அடித்திருக்கிறது. ரிலேயைத் திறந்து பார்த்தபோது உள்ளே காண்டாக்ட் கரிந்திருந்தது. அது ஒருநாள் ஒட்டிக்கொண்டிருந்தால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடி எரிந்திருக்கும்.

இப்போது ராத்திரி 0.03 ஆம்பியர்தான். பத்து நாளாகப் பின்பக்கம் ஒரே மட்டத்தில் நிற்கிறது. தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்கிறேன்.

இனி உன் விஷயம். ஸ்கேனரில் பி0171 என்ற பிழை எண் வந்ததும் சென்சார் போய்விட்டது என்று முடிவுகட்டிவிட்டாய். கலவையில் பெட்ரோல் குறைவு என்பதற்குமேல் அந்த எண் எதுவும் சொல்லவில்லையே. என்ஜின் சூடானபின் லைவ் டேட்டாவில் ஃப்யூயல் ட்ரிம்மைப் (கலவையைச் சரிசெய்யக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) பார், ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் இரண்டையும் கூட்டு. ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஒருதடவை, 2,500 சுற்றில் பிடித்து ஒருதடவை. ஐடிலில் 20 சதவீதத்துக்குமேல் நின்று, 2,500-இல் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால், எங்கோ ஒரு விரிசல் வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ஐடிலில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் அந்தத் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். மாறாக, வேகம் கூடக்கூட ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், சென்சார் என்று போகலாம்.

குளிர்ந்த நிலையில் மட்டும் உதறுகிறது என்று நீ எழுதியிருப்பதால், எனக்கு முதல் சந்தேகம் ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து, என்ஜினுக்குக் காற்றைத் திறந்துவிடும் த்ராட்டிலுக்குப் போகும் அந்த மடிப்பு ஹோஸ் மேல்தான். இந்த வயது வண்டிகளில் கம்ப்யூட்டருக்கு முன்னால் ரப்பர் போய்விடுகிறது. ஹோஸைக் கழற்றி, மடிப்புகளை விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார். மாட்டியபடியே பார்த்தால் விரிசல் தெரியாது. சூடான என்ஜின்மேல் எரியக்கூடிய ஸ்ப்ரே அடித்துத் தேடும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

உன் ஸ்கேனரில் லைவ் டேட்டா வராது என்றால் என்னுடையதை மகளிடம் கொடுத்தனுப்புகிறேன், அடுத்த வாரம் உன் பக்கம்தான் வருகிறாள். இரண்டு எண்களையும் குறித்து எழுது. குனிந்து வேலை செய்யும்போது இடுப்புக்குப் பெல்ட் போட்டுக்கொள்.

என்றும் உன்,
பழைய சிநேகிதன்