பவானியில் பொதுத் தறிக்கூடம்: நன்கொடை வேண்டுகோள்

ஊர்ச் சொந்தங்களுக்கும், வெளியூர் போன நம்ம பிள்ளைகளுக்கும் வணக்கமுங்க.

கொங்கு நாட்டில் நிச்சயம் பேசினாலும் ஊர்க்கூட்டம் போட்டாலும் முதலில் விரிப்பது பவானி ஜமக்காளம்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீமை மில் துணி வந்து பிழைப்பைக் கெடுத்தபோது, இங்கிருந்த ஜங்கமர் நெசவாளர்கள் முரட்டு வண்ண நூலில் நெய்யத் தொடங்கியது இது.

இன்று அந்தத் தறிகள் ஒவ்வொன்றாக ஓடாமல் நின்றுபோகின்றன. மகாராஷ்டிராவின் சோலாப்பூர் விசைத்தறி விரிப்பு நம்ம ஊர்ப் பெயரிலேயே மலிவாக விற்கிறது. 1985ஆம் வருடத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி ஜமக்காளம் கைத்தறிக்கே உரியது. 2005-06இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரண்டும் இருந்தும் போலி நிற்கவில்லை. இளைஞர்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்வதை நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கூலி கட்டுபடியாகாமல்தான் அவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறுகிறார்கள்.

அகல ஜமக்காளத்தை ஒரு ஆளால் நெய்ய முடியாது. ஒரே குழித்தறியில் இரண்டு பேர் அருகருகே உட்கார வேண்டும். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டைதான் நாடா; இவர் தள்ளும் நாடாவை அவர் வாங்கி அந்தப் பக்கம் இழுப்பார். அப்புறம் அந்த நூல் நெருங்கி உட்கார, இருவரும் ஒன்றாக அச்சை, அதாவது சீப்பு போன்ற சட்டத்தை, இழுத்து அடிப்பார்கள். ஒருவர் கை முந்தினாலும் கரை கோணிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து பழகினால்தான் இந்தக் கைப்பக்குவம் வரும். தெரிந்த பெரியவர்கள் குழிக்குள் இறங்கி ஏற முழங்கால் இடம் கொடுக்கும்போதே பழகியாக வேண்டும்.

அதற்காகத்தான் நான்கு அகலத் தறிகளோடு ஒரு பொதுக்கூடம் கட்டுகிறோம். ஒவ்வொரு தறியிலும் ஒரு பெரியவர், ஒரு புதியவர். பழகும் காலத்திலும் புதியவருக்குத் தினக்கூலி உண்டு. பணத்தில் பெரும்பங்கு அதற்கே போகும். கட்டடத்துக்கு மட்டும் கொடுத்தால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். போதாதுங்க. கூலியில்லாமல் மாதக்கணக்கில் உட்கார எந்த வீட்டிலும் வசதியில்லை.

தொகை எவ்வளவானாலும் சரி. வீட்டில் சும்மா கிடக்கும் அச்சு, நாடா, ராட்டை இருந்தாலும் கொடுங்கள். கல்யாணம், காதுகுத்துக்கு வேண்டிய ஜமக்காளத்தை முன்பணம் கட்டி இங்கேயே சொல்லி வைத்தாலும் பெரிய உதவி. பணம் கட்டியதும் ரசீது தருவோம்; மாதாமாதம் வரவு செலவைக் கூடத்துச் சுவரில் ஒட்டுவோம்.

தை பிறந்ததும் குழி தோண்டுகிறோம். மார்கழிக்குள் பணம் வந்தால் தறிச் சாமான்கள் வாங்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
பொதுத் தறிக்கூடக் குழுவினர், பவானி