கண்ணாடி விரியன் கடித்த அப்பாவைக் காப்பாற்றிய எல்லோருக்கும் நன்றி

அப்பா மறுபடியும் கழனிக்குப் போக ஆரம்பித்துவிட்டார். அதற்குக் காரணமானவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடிவாயைக் கீறாமல், காலை இறுக்கிக் கட்டாமல், பைக்கில் நடுவே உட்காரவைத்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பக்கத்து நிலத்து அண்ணன்களுக்கு முதல் நன்றி. கண்ணாடிக் குழாயில் எடுத்த ரத்தம் 20 நிமிடம் கழித்தும் உறையவில்லை என்றதும் விஷமுறிவு மருந்து ஏற்றிய டாக்டருக்கும் நர்ஸ் அக்காக்களுக்கும், சிறுநீர் நின்றுபோனபோது டயாலிசிஸ் செய்தவர்களுக்கும் நன்றி. அப்புறம், நாங்கள் முகம்கூடப் பார்த்திராத இருளர் மக்களுக்கு. 1978-ல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் பாம்பு பிடித்து எடுத்துத் தரும் விஷத்தை வைத்துத்தான் நம் நாட்டு விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது.

உயிர் பிழைத்து வீடு வந்தவர் தேறவே இல்லை. ஓயாத களைப்பு, பசியின்மை. எழுந்து நின்றால் கிறுகிறுப்பு. வெயிலிலும் குளிர் என்பார். தாடி வளர்வதுகூடக் குறைந்துபோனது. ரத்தத்தில் சோடியம் உப்பு இறங்கிக்கொண்டே வந்தது. தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) மட்டும் பார்த்து நார்மல் என்றார்கள். பயத்தில் மனசு விட்டுவிட்டார் என்றுகூடச் சிலர் சொன்னார்கள்.

மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது வார்டில் இருந்த இளம் டாக்டரம்மா ஒருவர்தான், "ஐயா, உங்களை எப்போதாவது பாம்பு கடித்திருக்கிறதா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நாங்கள் என்றென்றும் கடன்பட்டிருக்கிறோம்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரிதான் தைராய்டு, அட்ரீனல் சுரப்பிகளுக்கு உத்தரவு போடுகிறது. கண்ணாடி விரியனின் விஷத்தால் அதற்குள் ரத்தக்கசிவோ ரத்த ஓட்டத் தடையோ ஏற்பட்டு, அது செயலிழந்துபோகலாம். பிரசவத்தில் அதிக ரத்தம் இழந்த தாய்மார்களுக்கும் இப்படி ஆவதுண்டு என்றார். டிஎஸ்ஹெச்சைச் சுரப்பதே பிட்யூட்டரிதான் என்பதால் அந்த ஒரு எண்ணை நம்ப முடியாதாம். காலை 8 மணிக்கு ரத்தம் எடுத்து அட்ரீனல் சுரக்கும் கார்ட்டிசாலும், தைராய்டு சுரக்கும் டி4-ம் பார்த்தார். இரண்டுமே மிகக் குறைவு. முதலில் கார்ட்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை, அதன் பிறகே தைராய்டு மாத்திரை என்று வரிசையையும் பொறுமையாக விளக்கினார். வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்தாம்.

விரியன் கடித்துப் பிழைத்தவர் உங்கள் வீட்டில் இப்படிச் சோர்ந்து கிடந்தால், கடி பட்டு வருடங்கள் ஆகியிருந்தாலும், டாக்டரிடம் அதைச் சொல்லி கார்ட்டிசால் பார்க்கக் கேளுங்கள்.

மாத்திரை தீராமல் வரவழைத்து வைக்கும் மருந்துக்கடை அண்ணனுக்கும், காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோனை எவ்வளவு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று அட்டையில் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வைத்த நர்ஸ் அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி.