மூன்றாவது காட்சியை எடுத்துவிடாதே

மண்டபம்
மே மாதம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா? இங்கே மீன்பிடித் தடைக்காலம் என்றுதான் பேர், எனக்கு ஓய்வில்லை. ஜூன் 14 முடிந்தால் எல்லா விசைப்படகும் கிளம்பியாக வேண்டும். கரையேற்றிய படகுகளுக்குப் பலகை மாற்றுவதும், பலகை இடுக்கை அடைத்துக் கலப்பத்து அடிப்பதுமாக இருட்டும்வரை வேலை. உனக்கும் பெயிண்ட் வேலை நெருக்கும் என்று தெரியும். அதற்கு நடுவிலும் நீ நாடகம் எழுதி முடித்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

திருவிழாவுக்கு மேடை தருகிறோம் என்ற கமிட்டி, மூன்றாவது காட்சியை எடுத்துவிடச் சொல்கிறது என்று எழுதியிருக்கிறாய். நம் முறை இல்லாத ராத்திரியில் விசைப்படகு போய், நாட்டுப்படகுக்காரனின் நண்டு வலையைத் தன் இழுவலை மடியோடு இழுத்து நாசமாக்கிவிட்டு, படகில் இருந்த ஐந்து பேரும் கரையில் வாய் திறக்காமல் இருக்கிற காட்சிதானே? வாரத்தில் மூன்று நாள் நமக்கு, நான்கு நாள் அவர்களுக்கு என்று பேசி வைத்த பிறகும் இது நடக்கிறது என்பது கமிட்டியில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். அந்தக் காட்சி போனால், கடைசியில் எல்லாரும் சேர்ந்து பாடுகிற ஒற்றுமைப் பாட்டுக்கு என்ன அர்த்தம் இருக்கும்? எடுக்காதே மாப்பிள்ளை.

உன்னை மாதிரியே ஒரு பெயிண்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிற மகள் பாடத்துக்காகப் படித்ததை ராத்திரி ராத்திரியாக எனக்குச் சொன்னாள். பெயர் சாம் தாம்சன். ஊர் வடக்கு அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட். 1916இல் பிறந்தவர். பதினாலு வயதில் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கப்பல் தளத்தில் பெயிண்டருக்குத் தொழில் பழகச் சேர்ந்தார். டைட்டானிக்கைக் கட்டிய அதே தளம். அங்கே கிறிஸ்தவர்களிலேயே கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று இரண்டு பக்கம். அவர் புராட்டஸ்டண்ட். தளத்து வேலையில் பெரும்பகுதி அந்தப் பக்கத்து ஆட்களிடம்தான் இருந்தது. 1920 ஜூலையில் கத்தோலிக்கத் தொழிலாளிகளை அங்கிருந்து ஆயிரக்கணக்கில் அடித்து விரட்டினார்கள். சமதர்மம் பேசிய புராட்டஸ்டண்டுகளையும் 'நீங்களும் போங்கடா' என்று சேர்த்தே துரத்தினார்கள். இதைக் கேட்டபோது எனக்கு நம் முதுகுளத்தூர்ப் பக்கம் 1957இல் நடந்த சாதிக் கலவரம் நினைவுக்கு வந்தது. ஒரே வயலில் வேலை பார்த்தவர்கள்தானே அங்கேயும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள்.

தாம்சன் தளத்துக் கதைகளை வாயால் சொல்லிக்கொண்டிருந்தவர்தான். பெல்ஃபாஸ்ட் வானொலியில் இருந்த சாம் ஹன்னா பெல் என்ற எழுத்தாளர்தான் அவரை எழுத வைத்தார். முதலில் வானொலிக்கு எழுதினார். பிறகு வந்தது 'ஓவர் த பிரிட்ஜ்' நாடகம். தளத்தில் ஒரு வெடிவிபத்து. கத்தோலிக்கன்தான் செய்தான் என்று புரளி. பீட்டர் ஓபாய்ல் என்ற தொழிலாளியை வேலையை விட்டுப் போகச் சொல்லிக் கூட்டம் மிரட்டுகிறது. அவன் பிடிவாதமாக மறுநாளும் வேலைக்கு வருகிறான். டேவி மிட்செல் என்ற வயசான சங்கக்காரர், புராட்டஸ்டண்ட், அவன் பக்கத்தில் போய் நின்று வேலை பார்க்கிறார். கூட்டம் அவரை அடித்தே கொன்றுவிடுகிறது. மகள் இந்த இடத்தைச் சொல்லி முடித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

அவருக்கும் ஒரு கமிட்டி வாய்த்தது. 1959இல் அல்ஸ்டர் குரூப் தியேட்டர் நாடகத்தை ஏற்றுக்கொண்டது. அரங்கேற இரண்டு வாரம் இருக்கும்போது, சாதாரண ஜனங்களின் மத, அரசியல் உணர்வு புண்படும் என்று நிர்வாகக் குழு நிறுத்திவிட்டது. அங்கே இயக்குநராக இருந்த ஜேம்ஸ் எல்லிஸ் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தார். இரண்டு பேருமாகத் தனிக் குழு தொடங்கி, 1960 ஜனவரி 26 அன்று எம்பயர் தியேட்டரில் போட்டார்கள். ஆறு வாரத்தில் 42,000 பேர் பார்த்தார்கள். யார் மனசு புண்படும் என்றார்களோ, அந்தத் தளத்து ஆட்களே பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார்களாம்.

ஏன் வந்தார்கள் என்று நான் ரொம்ப யோசித்தேன். தாம்சன் தன் பக்கத்துத் தப்பைத்தான் எழுதினார். எதிர்ப்பக்கத்தைத் திட்டி எழுதியிருந்தால் சண்டை வந்திருக்கும். இரண்டு பக்கமும் சமம் என்று எழுதியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். நீயும் விசைப்படகுக் குடும்பத்துப் பிள்ளை. அந்த வலை நாசமான கதையை நாட்டுப்படகுக்காரன் சொன்னால் அது புகார். நீ சொன்னால்தான் நம் ஆட்கள் உட்கார்ந்து கேட்பார்கள்.

ஆனால் அந்தக் காட்சியில் எனக்கு இரண்டு குறை உண்டு. வலையைப் பறிகொடுத்தவனைச் சாதுவாக எழுதியிருக்கிறாய். அவனுக்குக் கோபம் வரட்டும், அநியாயமாகக் கூட ஏதாவது பேசட்டும். வாய் திறக்காத ஐந்து பேரையும் வில்லனாக்காதே. ஒருத்தன் முதலாளியிடம் முன்பணம் வாங்கியவன், ஒருத்தன் மகள் கல்யாணத்தை வைத்திருப்பவன், டிரைவருக்கு டீசல் காசாவது தேறவேண்டும் என்ற பயம். அவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்பது தெரிந்தால்தான் காட்சி நிற்கும்.

இதனால் உனக்கு நல்லதே நடக்கும் என்று சொல்லமாட்டேன். தாம்சன் தேர்தல் மோசடிகளைப் பற்றி எழுதிய தொலைக்காட்சி நாடகத்தையும் தள்ளிப்போட்டார்கள். 1965 பிப்ரவரியில் மாரடைப்பில் இறந்தார். வயசு 48தான். அந்த நாடகம் ஒளிபரப்பானது அதற்குப் பிறகுதான். உன் கைக்கு வருகிற பெயிண்ட் வேலை ஒன்றிரண்டு நின்றுபோகலாம், அதைத் தங்கச்சியிடமும் பேசிக்கொள்.

கமிட்டி மேடை தராவிட்டால் இங்கே படகு கட்டுகிற இடம் இருக்கிறது. பலகையும் மரமும் என் பொறுப்பு. மைக் செட்டுக்கு ஆள் பார்க்கிறேன். தடைக்காலம் முடிவதற்குள் போட்டுவிட வேண்டும். விசைப்படகு ஆட்கள் எல்லாரும் கரையில் இருப்பது இப்போதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறேன். நோட்டை எடுத்து வை, மூன்றாவது காட்சியிலிருந்தே வாசிக்கலாம்.

அன்புடன்,
உன் மச்சான்