முதலீடே வேண்டாம் என்பது பாதி உண்மை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேகரிப்புப் பொருள்களையும், வாடிக்கையாளர் கேட்கும் படத்தை அச்சிட்ட டி-ஷர்ட்களையும் சிறிய இணையக் கடை ஒன்றில் விற்பது பற்றித் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கடை வாடகை இல்லை, ஆர்டர் வந்த பிறகு அச்சிட்டால் போதும், ஆகவே முதலீடே வேண்டாம் என்று அக்கட்டுரை கூறுவது பாதி உண்மை. பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாத கடையில், வாங்குபவருக்குப் பதிலாகத் தாமே பார்த்து, பார்த்ததை உள்ளபடி எழுதுவதுதான் விற்பவரின் முதன்மையான வேலை. அந்தப் பார்வையைப் பழகிக்கொள்ளச் செலவாகும் காலத்தை முதலீட்டுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

பழைய நாணயத்தை எடுத்துக்கொள்வோம். நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பளபளவென்று தோன்றும் காசு, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தவுடன் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்களைக் காட்டிவிடும். யாரோ அதைத் தேய்த்துத் துலக்கியிருக்கிறார் என்று பொருள். அனுபவமுள்ள சேகரிப்பாளர் அத்தகைய காசை ஒதுக்கிவிடுவார். புதிதாகக் கடை திறப்பவரோ, அழுக்கு நீங்கினால் விலை கூடும் என்று நம்பித் தாமே துலக்கத் தொடங்குகிறார். நாணயத்தின் தரத்தைக் குறிக்க, நாணய ஆய்வாளர் வில்லியம் ஷெல்டன் 1949-இல் அமெரிக்கச் செம்பு நாணயங்களுக்காக வகுத்த, 1 முதல் 70 வரையிலான அளவுகோலே இன்று பரவலாக வழங்குகிறது. அந்த எண்ணை விளம்பரத்தில் எழுதுபவர், அது தம்முடைய கணிப்பா, தரச்சான்று நிறுவனம் அளித்ததா என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

தபால்தலையிலோ முகத்தைவிட முதுகுதான் அதிகம் பேசும். மூலப் பசை அப்படியே இருக்கிறதா, முன்பு ஆல்பத்தில் ஒட்டிய தடம் உண்டா, ஓரத்துப் பற்கள் குறையாமல் இருக்கின்றனவா, ஒளிக்கு எதிரே பிடித்தால் தாள் மெலிந்த இடம் தெரிகிறதா என்பவற்றைப் பொறுத்தே விலை ஏறும், இறங்கும். பின்பக்கப் படம் போடாத விற்பனையாளரை நான் நம்புவதில்லை. மாதிரிக்காகச் செய்த நாணயத்தை அசலுடன் கலந்து விற்பது அதைவிடப் பெரிய குற்றம். நாணயப் போலிகளின் மீது ‘நகல்’ என்று பொறித்திருக்க வேண்டும் என அமெரிக்கா 1973-லேயே சட்டம் இயற்றியிருக்கிறது.

ஆடைப் பக்கத்தில் ஏமாற்றம் வேறு விதமாக வருகிறது. திரையில் கண்ட நிறம் துணியில் வருவதில்லை. சூட்டில் ஆவியாகித் துணியில் ஏறும் சப்ளிமேஷன் மை பாலியஸ்டரில்தான் பிடிக்கும். அதில் வெள்ளை மை இல்லாததால் கருந்துணியில் எடுபடாது. வலைத்திரை வழியே மையை அழுத்தி அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நிறத்துக்கு ஒரு திரை தயாரிக்க வேண்டியிருப்பதால், ஒரே ஒரு சட்டைக்கு அது கட்டுப்படியாகாது. இவற்றை அறியாமல் எந்தப் படமானாலும் எந்தத் துணியானாலும் சரி என்று ஆர்டர் ஏற்பவர், பிறகு பதில் சொல்ல முடியாமல் தவிப்பார். அளவும் அப்படியே. மீடியம், லார்ஜ் என்று மட்டும் எழுதுவதைவிட, சட்டையைச் சமமாக விரித்து ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து எழுதுவது மேல். பருத்தியானால் முதல் சலவையில் சுருங்க வாய்ப்புண்டு என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

கட்டுரையில் என்னால் ஏற்க முடியாத இடம் ஒன்று உண்டு. புகழ்பெற்ற கதாபாத்திரங்களையும் விளையாட்டு அணிகளின் சின்னங்களையும் அச்சிட்டால் உடனே விற்கும் என்கிறார் கட்டுரையாளர். விற்கும்தான்; ஆனால் அனுமதி யார் தருவது? பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான 1886-ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளில் பதிப்புரிமை, பதிவு செய்யாமலேயே படைத்தவரைச் சேர்கிறது. கதாபாத்திரத்தை நாமே கையால் வரைந்தோம் என்பதோ, வாடிக்கையாளர்தான் படம் அனுப்பினார் என்பதோ அச்சிட்டு விற்றவரை எளிதில் காப்பாற்றாது. உரிமம் பெற்று வெளியான பொம்மையை வாங்கி மறுவிற்பனை செய்வது வேறு, அதன் உருவத்தைச் சட்டையில் அச்சிடுவது வேறு. இரண்டையும் ஒரே கடையில் விற்பவருக்கு இந்தக் கோடு மிக எளிதாக மறைந்துபோகும்.

விற்ற பொருளைத் திரும்பப் பெறும் விதியும் சேகரிப்புப் பொருளுக்கும் கேட்டபடி அச்சிட்ட சட்டைக்கும் ஒன்றாக இருக்க முடியாது. ஒருவர் பெயர் பொறித்த சட்டையை இன்னொருவர் வாங்கமாட்டார் என்பதால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டமே அத்தகைய பொருளுக்கு 14 நாள் திருப்பி அனுப்பும் உரிமையிலிருந்து விலக்கு அளிக்கிறது. ஆனால் அச்சுப் பிழை விற்பவருடையதாக இருந்தால் அந்த விலக்கின் பின்னால் ஒளிந்துகொள்வது நியாயமன்று.

தங்கள் வணிகப் பக்கத்தில் இதன் தொடர்ச்சி வெளிவருமாயின், படங்களுக்கு உரிமம் பெறும் நடைமுறையையும், பழைய பொருளின் குறைகளை விளம்பரத்தில் எழுதும் முறையையும் அறிந்தவர்களைக் கொண்டு எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இணையத்தில் பழைய நாணயமும் தபால்தலையும் விற்றுவரும் வாசகர்