அரண்மனைக்காரன் தெருவில் ஆர்மீனிய எழுத்து

ஆசிரியருக்கு,

ஆர்மீனிய எழுத்துகள் பற்றிய கட்டுரை படித்தேன். கி.பி. 405 வாக்கில் மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் என்ற துறவி 36 எழுத்துகளை உருவாக்கினார் என்பதோடு முடித்துவிட்டீர்கள். அந்த எழுத்துகளே எண்களாகவும் இருந்ததுதான் சுவாரசியம். முதல் ஒன்பது எழுத்துகள் 1 முதல் 9 வரை, அடுத்த ஒன்பது பத்துப் பத்தாக 10 முதல் 90 வரை, அப்புறம் நூறுகள், ஆயிரங்கள். முப்பத்தாறாவது எழுத்து 9000! 'ஓ', 'ஃப' ஒலிகளுக்கான இரண்டு எழுத்துகள் பல நூற்றாண்டுகள் கழித்துச் சேர்ந்தவை.

இந்த எழுத்துகளைப் பார்க்க ஆர்மீனியத் தலைநகர் எரெவான் போக வேண்டாம். சென்னை அரண்மனைக்காரன் தெரு (ஆர்மீனியன் தெருதான் நம் வாயில் இப்படி ஆனது) ஆர்மீனியத் தேவாலய வளாகத்தில், கல்லறைக் கற்களிலேயே இருக்கின்றன. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794இல் அச்சானதும் இதே ஊரில்தான். அதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லையே?

- வாசகர், பெரம்பூர்