அமந்தனித் தீவுக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெருவில் டிட்டிகாக்கா ஏரிக்கு நடுவே இருக்கும் அமந்தனித் தீவுக்கு முதுகில் ஒரு பையோடு தனியாகப் போய்விட்டு நல்லபடியாகத் திரும்பியதில் என் சாமர்த்தியம் ரொம்பக் கொஞ்சம். மிச்சமெல்லாம் வழியில் கிடைத்த மனிதர்கள் செய்தது. பாதிப் பேர் இதைப் படிக்கப் போவதில்லை, பரவாயில்லை.

முதலில் அரெக்கிப்பா நகரத்து விடுதியில் ராத்திரி டூட்டி பார்த்த தம்பி. நான் மறுநாளே ஏரிக்கரை ஊரான பூனோவுக்கு பஸ் ஏறப் போவதாகச் சொன்னதும், இங்கேயே கொஞ்சம் உடம்பைப் பழக்கிக்கொண்டு போங்கள் என்று மறித்துவிட்டான். அரெக்கிப்பா கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரம், ஏரியோ 3,812 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. அவன் பேச்சைக் கேட்டுத் தங்கிப் போன பிறகும் பூனோவில் தலை விண்விண்ணென்று தெறித்தது, மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொண்டது. கேட்காமல் போயிருந்தால் தீவை நான் படத்தில்தான் பார்த்திருப்பேன்.

அப்புறம் பூனோ சந்தையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அக்கா. தங்கப் போகும் வீட்டுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டேன். அரிசி, சர்க்கரை, எண்ணெய், நாலு ஆரஞ்சு என்று அவரே எடுத்து வைத்தார். உருளைக்கிழங்கும் கினோவா என்ற தானியமும் விளைகிற தீவு அது, இந்தச் சாமான்கள் எல்லாம் படகில்தான் வர வேண்டும். விலை கூடிய சாக்லேட் டப்பாவை என் தலையில் கட்டியிருக்கலாம், கட்டவில்லை.

படகுக்காரருக்கும் ஒரு கும்பிடு. ஊரோஸ் நாணல் தீவுகளைத் தாண்டி மணிக்கணக்கில் ஊர்ந்த அந்தப் படகில் மேல்தளத்தில் வெயில் தோலை உரித்தது, உள்ளே வந்து உட்கார்ந்தால் பல் கிட்டித்தது, அதைப் பார்த்துவிட்டுத் தன் கம்பளியைக் கழற்றி நீட்டினார்.

இனி, வீட்டுக்கார அம்மா. அமந்தனியில் வருகிறவர்கள் பெரும்பாலும் வீடுகளில்தான் தங்குகிறார்கள், யார் எந்த வீட்டுக்கு என்று ஊரே முறை வைத்துப் பிரித்துவிடுகிறது. கார், பைக் கிடையாது, துறையில் இறங்கினால் ஒரே ஏற்றம். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார், பையை வாங்கி வண்ணத்துணியில் முடிந்து முதுகில் போட்டுக்கொண்டார், தக்களியில் கம்பளி நூல் நூற்றுக்கொண்டே முன்னால் ஏறத் தொடங்கிவிட்டார்! நூல் ஒரு இடத்திலும் அறுபடவில்லை. வயதில் என்னைவிட இருபது வருடமாவது மூத்தவர். நான் பத்தடிக்கு ஒருமுறை நின்றேன், அவரும் நின்றார், ஆனால் திரும்பிப் பார்க்காமல் நின்றார். அந்த நாகரிகத்துக்கே தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

வழியோரம் முனியா என்று ஒரு செடி. இரண்டு கொத்து பறித்து உள்ளங்கையில் கசக்கி என் மூக்கருகே பிடித்தார், புதினா மாதிரி ஒரு வாசனை சுர்ரென்று ஏறித் தலை லேசானது. ராத்திரி அதையே கொதிக்க வைத்து டம்ளரில் கொடுத்தார். கினோவா சூப், அவித்த உருளை, பொரித்த பாலாடைக்கட்டி, வெயிலில் காயவைத்து இனிப்பேறிய ஓக்கா கிழங்கு எல்லாம் இருந்தது. சைவக்காரர்கள் தைரியமாகப் போகலாம். வீட்டில் எங்களுக்குப் பொதுவாக இருந்தது அவருடைய கொஞ்சம் ஸ்பானிஷும் என்னுடைய அதைவிடக் கொஞ்சம் ஸ்பானிஷும்தான், அவர்கள் பேசுவது கெச்சுவா.

தீவின் பச்சத்தாத்தா குன்று 4,000 மீட்டருக்கும் மேலே. சூரியன் மறைவதைப் பார்க்க அங்கே ஏறும்போது கூடவே வந்த அர்ஜென்டினா தம்பதி, என் வேகத்துக்கு வேண்டுமென்றே மெதுவாக நடந்தீர்கள், எனக்குத் தெரியும். உச்சியில் இருக்கும் பழைய கோயில் வருடத்தில் ஒரே ஒரு முறை, ஜனவரியில்தான் திறக்கும், நாங்கள் வெளிச்சுவரைச் சுற்றிவிட்டு இறங்கினோம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஊரில் இருக்கும் ஏஜென்ட் மூலம் பதிவு செய்தால் வீட்டுக்காரர் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் பொதுப் படகில் போய், பணத்தை அந்த அம்மாக்களிடமே கொடுங்கள்.

அந்த வீட்டில் எடுத்த படங்களை அச்செடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன், எடுத்தும் வைத்துவிட்டேன். யாராவது பூனோ பக்கம் போவதாக இருந்தால் சொல்லுங்கள், கொடுத்தனுப்புகிறேன். சின்னக் கவர்தான், பையில் இடம் அடைக்காது.