கோட்டைத் தாண்டினால் திரும்ப முடியாது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி தணிந்து, மறுபடியும் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்கிறாய் என்று படித்ததில் மகிழ்ச்சி. இங்கே அரிசோனாவில் வெயில் இறங்கிவிட்டது. நரைத்த தலைகள் எல்லாம் திடலுக்கு வந்துவிட்டன. பேஸ்பாலின் தம்பியான சாஃப்ட்பாலை மூத்தோர் ஆடும் லீக்கில் நான் இப்போது கேட்சர், உங்கள் விக்கெட் கீப்பர் மாதிரி. அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, "பந்து உன் கையில், ஆள் கைக்கெட்டும் தூரத்தில். அவரைத் தொடாமல் ஏன் தரையை மிதித்தாய்?" என்று கேட்டிருந்தாய். அம்பயர் புத்தி உன்னை விடுமா?

வழக்கமான விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அடித்தவர் பேஸ் எனப்படும் மூன்று நிலைகளை வரிசையாகத் தொட்டு, அடித்த இடமான ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். பந்தைத் தரையில் அடித்தவர் முதல் பேஸுக்கு ஓடியே ஆக வேண்டும். அங்கே நிற்பவர் அவருக்கு இடம் விட வேண்டும், அடுத்த பேஸில் ஆள் இருந்தால் அவரும் நகர வேண்டும். இப்படி வேறு வழியின்றி ஓடுபவரைத் தொட வேண்டியதில்லை. அவர் வருவதற்குள் பந்தோடு பேஸை மிதித்தால் போதும். இதுதான் ஃபோர்ஸ் அவுட். பின்னாலிருந்து தள்ளியவர் அவுட்டாகிவிட்டால் கட்டாயம் நீங்கிவிடும், பிறகு ஆளைத்தான் தொட வேண்டும். மூன்றாம் பேஸில் தனியாக இருந்தவர் ஹோம் பிளேட்டுக்கு ஓடி வந்தாலும் அப்படித்தான்.

எலும்பு முறிவதும் அங்கேதான். 2011 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ பேஸ்பால் அணியின் கேட்சர் பஸ்டர் போசி மீது ரன்னர் ஒருவர் மோதியதில் கால் எலும்பு முறிந்து, கணுக்கால் தசைநார்களும் கிழிந்தன. அந்த ஆண்டு அவர் அதன்பின் ஆடவே இல்லை. 2014இல்தான் அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்கான மேஜர் லீக் இத்தகைய மோதலுக்குத் தடை போட்டது. 24 வயதுக்காரர் கதியே அது என்றால் எங்கள் இடுப்பு எலும்பு எம்மாத்திரம்?

அதனால் மூத்தோர் ஆட்டத்தில் மூன்றாம் பேஸுக்கும் ஹோமுக்கும் நடுவே குறுக்காக ஒரு கோடு போட்டிருப்பார்கள். சில லீக்குகளில் பிளேட்டிலிருந்து 20 அடி, சிலவற்றில் 30. அதைத் தாண்டிக் கால் பதித்தவர் திரும்ப முடியாது, திரும்பினால் அவுட். அவரைத் தொட்டும் பயனில்லை. கேட்சர் பந்தோடு பிளேட்டை மிதிக்க வேண்டும். ரன்னர் அந்தப் பிளேட்டுக்கே வருவதில்லை. சற்றுத் தள்ளி அவருக்கென்று தனிக் கோடோ இரண்டாவது பிளேட்டோ உண்டு. உனக்குப் புரிகிறபடி சொன்னால் ரன் அவுட் மாதிரி: ஸ்டம்பைத் தட்டு, ஆளை விடு.

கிழவர்களுக்குக் கொடுத்த சலுகை என்று இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முரட்டுத்தனம் போன இடத்தில் தந்திரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. போன வாரம் எதிரணியில் எழுபதைத் தாண்டிய ஒருவர் கோட்டுக்கு அரையடி முன்னால் சட்டென்று நின்றார். பந்து என் கையுறையில். அவர் கோட்டைத் தாண்டவில்லை. ஆகவே பிளேட்டை மிதித்துப் பயனில்லை, ஆளைத்தான் தொட வேண்டும். நான் பிளேட்டை விட்டு முன்னே போனேன். அவர் மூன்றாம் பேஸ் பக்கம் திரும்பினார், பந்தை அங்கே எறிந்தேன். கை என்னை விட்டு எழுந்ததுமே மனிதர் திரும்பி, என்னைச் சுற்றிக்கொண்டு கோட்டைத் தாண்டிவிட்டார்! இனி பிளேட்டில் பந்து வாங்க ஆள் வேண்டும். வந்திருக்க வேண்டிய பிட்சரோ (பந்து வீசுபவர்) நின்ற இடத்திலேயே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ரன்.

நீ ரசிக்கக்கூடிய இன்னொரு வழக்கு. ஒருவர் அவுட், முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஆட்கள். உயர அடித்த பந்தைப் பிடித்துவிடுகிறார்கள். மூன்றாம் பேஸ்காரர் முறைப்படி காத்திருந்து, பிடித்த பிறகே கிளம்பி ஹோம் சேர்ந்துவிடுகிறார். அதன் பிறகு, பந்து பிடிபடும் முன்பே ஓடிவிட்ட முதல் பேஸ்காரரை, அந்தப் பேஸை மிதித்து மூன்றாவது அவுட்டாக்குகிறார்கள். பேஸை மிதித்ததால் அது ஃபோர்ஸ் அவுட், ரன் செல்லாது என்று எங்கள் அணியில் பாதிப் பேர் சாதிப்பார்கள். அடித்தவரே அவுட்டாகிவிட்டதால் பின்னாலிருந்து தள்ள ஆளில்லை. ஆகவே அது ஃபோர்ஸே இல்லை, ரன் செல்லும். அடுத்த சண்டையில் இந்த அம்பயரின் தீர்ப்பையும் காட்டுகிறேன், இரண்டு வரி எழுதி அனுப்பு.

பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததா? வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்